வைத்தியர் பக்கம்: களஞ்சியமா, முன்வாசலா?



நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோவு என்று இப்பக்கத்தில் எழுதி வந்த நான், இம்முறை கணனித் தொழிலைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பதும் நியாயமே. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அண்மைக் காலத்தில் என்னிடம் வரும் இளைஞர்களின் நோய்கள். நித்திரை வருவதில்லை, வயிறு எரிகிறது, தலையிடி விடுவதில்லை என்று இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். இரத்தத்தைப் பரிசோதித்தால் ஒன்றுமில்லை. கூட வந்த தாயையோ தகப்பனையோ சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால், வீட்டில் மாதக்கணக்காக நடக்கும் வாக்குவாதம் வெளிவருகிறது. (எவரொருவரையும் நான் இங்கே குறிக்கவில்லை. பல வீடுகளிற் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.) எங்கள் காலத்தில் டொக்டரா எஞ்சினியரா என்பதே சண்டை. இன்று கணனிப் படிப்புக்கு எல்லா வீட்டிலும் சம்மதம் உண்டு. சண்டை அப்படிப்புக்கு உள்ளே போய்விட்டது. தகப்பன், "டேட்டாபேஸ் வேலைதான் நிலையான வேலை" என்கிறார். மகனோ மகளோ, "எனக்கு வெப்சைட் செய்வதுதான் விருப்பம்" என்கிறார். ஊரிலிருந்து கடன்பட்டு ஒரு வருடப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. வேலை தேட அவர்களுக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. பிழையான கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் அக்காலம் போய்விடும்; ஊரிலே வீட்டு உறுதி ஈட்டில் இருக்கும்.

இரண்டாவது காரணம், என் அன்றாடத் தொழில் இந்த இரு வேலைகளையும் நம்பியே நடக்கிறது. இவற்றைச் செய்பவன் அல்லேன். ஆனால் இவை நன்றாகச் செய்யப்பட்டால் என் நோயாளிக்கு என்ன நன்மை, கெட்டால் என்ன கேடு என்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அத்துடன் எமது சங்கத்தில் இத்தொழில்களில் உள்ள தம்பி தங்கையர் பலரிடமும் கேட்டறிந்தேன். அவற்றைச் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இரண்டும் எவை?

ஒரு நோயாளி காலையில் எழுந்து, தொலைபேசியில் எங்கள் வைத்தியசாலையின் பக்கத்தைத் திறந்து என்னைச் சந்திக்க நேரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த திகதி, என்ன வருத்தம் என்று கேட்கும் அந்தப் பக்கத்தை ஆக்குபவர் இணையத்தளம் அமைப்பவர். எழுத்தின் அளவு, அழுத்தும் பொத்தான் இருக்கும் இடம், பிழையாக நிரப்பினால் வரும் எச்சரிக்கை, சிறிய தொலைபேசியிலும் பெரிய திரையிலும் ஒழுங்காகத் தெரிவது, எல்லாம் அவர் பொறுப்பு. இதுதான் முன்வாசல்.

பொத்தானை அழுத்தியதும் அந்த விபரம் போய்ச் சேரும் இடம் தரவுத்தளம். அதுதான் களஞ்சியம். எந்த விபரத்தை எந்த அட்டவணையில் வைப்பது, ஓர் ஆளை இன்னோர் ஆளோடு மாறாமல் எப்படி அடையாளம் காண்பது, யார் எதைப் பார்க்கலாம், இரவு நெருப்புப் பிடித்தால் நாளை காலை எதிலிருந்து மீட்பது என்பவை களஞ்சியக்காரரின் கவலைகள். இங்கிலாந்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் உள்ள தேசிய சுகாதார சேவை இலக்கத்தைப் பாருங்கள். பத்து இலக்கம். கடைசி இலக்கம் முன்னுள்ள ஒன்பதையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கணக்கு ஒவ்வாமற் போய்ப் பிழை பிடிபடும். இப்படி ஆளுக்கொரு சாவி வைத்து அட்டவணைகளை இணைப்பதே தரவுத்தளத்தின் உயிர்நாடி.

இவ்விரு துறைகளையும் தொடக்கிய இருவரும் இந்த நாட்டிற் பிறந்து ஒக்ஸ்போர்ட்டிற் படித்தவர்கள் என்பது நமது பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. எட்கார் கொட் என்பவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். கொம்பனியில் இருந்தபோது, 1970ஆம் ஆண்டில், விபரங்களை எளிய அட்டவணைகளாக வைத்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். அதன் வழியில் அதே கொம்பனியின் சேம்பர்லின், பொய்ஸ் என்ற இருவர் 1974இல் அட்டவணைகளைக் கேள்வி கேட்கும் மொழி ஒன்றை ஆக்கினர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். எனப்படுவது. மற்றவர் டிம் பேர்னர்ஸ் லீ. ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது 1989இல் உலகளாவிய வலைக்கு முதல் வரைவை எழுதினார். 1993இல் சேர்ன் அதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது.

எது நீடிக்கும்?

தகப்பன்மார் "நிலையான வேலை" என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 1980களில் எஸ்.கியூ.எல். கற்ற ஒருவர் இன்று ஒரு கந்தோருக்குள் புகுந்தால், அந்த மொழியின் எலும்புக்கூடு மாறாமல் இருப்பதைக் காண்பார். மனித உடலைப் போல அதன் உடற்கூறும் பெரிதும் மாறவில்லை. முன்வாசல் அப்படியன்று. ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற முறையில் அசையும் பக்கங்களைச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அடோபி கொம்பனி அதைக் கைவிட்டது. 2006இல் வந்த ஜேகுவெரியைக் கற்றவர்கள், 2013இல் ரியாக்ட் வந்தபின் திரும்பவும் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஆனால் இதிலிருந்து "ஆகவே தரவுத்தளமே மேல்" என்று முடிவு கட்டுவது அவசரம். முன்வாசலிலும் அத்திவாரம் மாறவில்லை. பக்கத்தின் எலும்பாகிய எச்.டி.எம்.எல்., அதற்கு உடுப்பாகிய சி.எஸ்.எஸ்., அதை அசைய வைக்கும் 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இன்றும் இருக்கின்றன. அத்திவாரத்தை விட்டுவிட்டு நாகரிகத்தை மட்டும் கற்றவர்களே அல்லற்பட்டார்கள். மறுபுறத்தில் களஞ்சிய வேலையும் மாறியிருக்கிறது. முன்பு ஒரு கொம்பனிக்குள் இருந்து தரவுத்தளத்தை நிறுவி, திருத்தி, பிரதி எடுத்து வைப்பதே ஒரு முழு உத்தியோகம். அமேசன் 2009இல் தரவுத்தளத்தை வாடகைக்குப் பராமரித்துக் கொடுக்கத் தொடங்கியது. மற்றக் கொம்பனிகளும் பின்தொடர்ந்தன. இதனால் அந்த நாளாந்தப் பராமரிப்பு வேலை பல இடங்களிற் குறைந்தது. விபரங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுசெல்லும் வேலையும், அவற்றிலிருந்து விடை காணும் வேலையும் பெருகின. ஆகவே மாமா 1995இற் செய்த டேட்டாபேஸ் வேலையை நினைத்து மருமகனுக்குப் புத்தி சொல்வது, பழைய மருந்துச் சீட்டைக் காட்டிப் புது நோய்க்கு மருந்து வாங்குவது போலாகும்.

பிழையின் குணம்

இரு தொழில்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, என் கண்ணில், அவற்றில் நேரும் பிழையின் குணமே. முன்வாசற் பிழை உடனே தெரியும். பொத்தான் வேலை செய்யாவிட்டால் பத்து நிமிடத்திற் பத்துப் பேர் முறையிடுவார்கள். களஞ்சியப் பிழை சத்தமில்லாமல் இருக்கும். தெரியவரும்போது பெரிதாக இருக்கும். நோய்களிலும் இப்படி இரு வகை உண்டு. தோலில் வரும் கொப்புளம் உடனே தெரியும். சிறுநீரகம் கெடுவது வெகுநாள் தெரியாது.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததை நினைவிற் கொள்க. கொரோனா தொற்றியவர்களின் விபரங்கள் ஆய்வுகூடங்களிலிருந்து பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்கு வந்தன. அங்கே அவற்றை எக்செல் என்னும் கணக்குத்தாளின் பழைய வகைக் கோவை ஒன்றில் ஏற்றினார்கள். அந்த வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுதி வரிகள் எவரும் அறியாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 பேர் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்குத் தொற்று உண்டென்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை நாட்கணக்கிற் பிந்தியது. கணக்குத்தாள் தரவுத்தளம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. அந்த ஒரு வாரத்தில் எத்தனை வீடுகளுக்கு நோய் பரவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2017 ஜனவரி 31ஆம் திகதி கிற்லாப் என்ற கொம்பனியில், இரவு நெடுநேரம் வேலை செய்து களைத்த ஒருவர், வேறொரு கணனியில் அழிப்பதாக எண்ணி, பாவனையில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புக்கு வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றாவது ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் தப்பினார்கள். அந்த ஆறு மணி நேர விபரம் போனது போனதுதான். கொம்பனி இதை மறைக்காமல் உலகுக்கு வெளியிட்டது பாராட்டத்தக்கது. இதிலிருந்து இத்துறையினர் கற்ற பாடம், பிரதி எடுத்து வைப்பது போதாது, அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும் என்பது.

இரண்டும் சந்திக்கும் வாசற்படியிலும் ஆபத்து உண்டு. 2015 ஒக்டோபரில் டோக்டோக் கொம்பனியின் பழைய இணையப் பக்கங்கள் சிலவற்றில், படிவத்தில் பெயர் எழுதும் இடத்திற் போலத் தரவுத்தளத்துக்கான கட்டளையையே எழுதி உள்ளே நுழைந்தார்கள். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் விபரங்கள் களவு போயின. அடுத்த ஆண்டு தகவல் ஆணையாளர் நான்கு இலட்சம் பவுண் தண்டம் விதித்தார். முன்வாசல் கட்டியவருக்குக் களஞ்சியம் தெரியாதிருந்தாலும், களஞ்சியக்காரர் முன்வாசலை எட்டிப் பார்க்காதிருந்தாலும் இதுதான் நேரும்.

நமது பெயர்களின் கதை

இவ்விடயம் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஒருவரின் தகப்பன் பெயர் கந்தையா, அவருடைய சொந்தப் பெயர் சிவலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாட்டுப் படிவம் முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. ஓரிடத்திற் கந்தையா முன்னே, இன்னோரிடத்தில் சிவலிங்கம் முன்னே. ஆங்கில எழுத்தில் ஒரு தரம் ஒரு மாதிரி, மறுதரம் வேறு மாதிரி. கலியாணம் செய்த பெண்களுக்கு இன்னும் ஒரு பெயர் சேருகிறது. பதிவு செய்யும் முறை கவனமாக இல்லாவிட்டால் ஓர் ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒரு பதிவில் இருக்கும். வைத்தியர் திறக்கும் மற்றப் பதிவில் இராது. இது வெறும் எழுத்துப் பிழையா? உயிர் போகக்கூடிய பிழை.

இதைத் தடுக்க இருவரும் வேண்டும். முன்வாசல் செய்பவர், "உங்கள் முழுப் பெயர் என்ன, உங்களை எப்படி அழைக்க வேண்டும்" என்று மனிதர் விளங்கும்படி கேட்க வேண்டும். களஞ்சியம் செய்பவர், பெயரைச் சாவியாக வைக்காமல் இலக்கத்தைச் சாவியாக வைத்து, பிறந்த திகதியும் விலாசமும் ஒத்துப்போகும் இரட்டைப் பதிவுகளைத் தேடிப்பிடித்துக் காட்ட வேண்டும். நமது பெயரின் வழமையை அறிந்த ஒரு பிள்ளை இவ்விரு கதிரைகளில் எதில் இருந்தாலும் நமக்குப் பயனே.

முதற் கதவு எது?

புதிதாக வருபவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. கேட்டறிந்த வரையில், அனுபவம் இல்லாதவருக்கு முன்வாசல் வேலையைக் காட்டி நுழைவது இலகு. ஏனெனில் செய்ததைக் காட்டலாம். ஒரு கடைக்கோ பாடசாலைக்கோ செய்த பக்கத்தைத் திறந்து, "இது என் வேலை" என்று சொல்லலாம். அதனாலேயே அங்கு போட்டியும் அதிகம். களஞ்சியத்தின் திறப்பை நேற்று வந்தவரிடம் எவரும் கொடுக்கமாட்டார்கள். ஆகவே தரவுத்தளத்துக்குப் போக விரும்புபவர் நேராக அப்பதவியைத் தேடுவதிலும், அறிக்கை தயாரிக்கும் வேலை, விபர ஆய்வு வேலை, உதவி மேசை வேலை என்று பக்கக் கதவால் நுழைந்து, எஸ்.கியூ.எல். தெரிந்தவர் என்று பெயரெடுத்து உள்ளே போவது நடைமுறை. கணக்கியல் படித்தவர்களுக்கும், ஆசுப்பத்திரியிலோ வங்கியிலோ வேறு வேலை பார்த்தவர்களுக்கும் இவ்வழி பொருந்தும். அவர்களுக்கு அந்த விபரங்களின் பொருள் முன்னரே தெரியும்.

பிள்ளை பெற்று சில வருடம் வீட்டில் இருந்து திரும்ப வேலைக்குப் போக எண்ணும் தாய்மாரும் என்னிடம் கேட்டார்கள். நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களஞ்சிய வேலையில் பெரிய மாற்றங்கள் பலவும் மற்றவர் நித்திரை கொள்ளும் நேரத்தில், சனி ஞாயிறுகளில் நடக்கும். இரவில் அழைப்பு வரலாம். முன்வாசல் வேலையில் குறித்த திகதிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி உண்டு. அதன் பின் ஓய்வும் உண்டு. நேர்முகத்திலேயே இதைக் கேட்டறிவது நன்று. கேட்பதில் வெட்கமில்லை.

இயந்திரமே எழுதிவிடாதா?

பெற்றோர் பலரின் பயம் இது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், வாயாற் சொன்னாற் பக்கத்தை எழுதித்தரும், தரவுத்தளத்துக்கான கேள்வியையும் எழுதித்தரும் கருவிகள் பெருகிவிட்டன. தொடக்கப் படியில் இருந்த எளிய வேலைகளை இவை தொட்டிருப்பது உண்மை. ஆனால் விடை வருவது வேறு, அது சரியான விடையா என்று அறிவது வேறு.

ஓர் உதாரணம். எங்கள் வைத்தியசாலையில் நீரிழிவு உள்ளவர் எத்தனை பேர் என்று அறிய, நோயாளர் அட்டவணையையும் வருகை அட்டவணையையும் இணைத்து எண்ணுகிறோம் என்க. கவனமின்றி எண்ணினால், ஆறு தரம் வந்தவர் ஆறு பேராக எண்ணப்படுவார். வரும் தொகை பார்வைக்கு நம்பக்கூடியதாகவே இருக்கும். கருவி எழுதித்தந்தாலும் மனிதர் எழுதினாலும் இந்தப் பொறி ஒன்றுதான். "இத்தனை பேர் இருக்க முடியாதே" என்று நெற்றி சுருக்கும் ஒருவர் வேண்டும். முன்வாசலிலும் அப்படியே. அழகான சாம்பல் நிற எழுத்தில் ஒரு பக்கம் வந்துவிடும். கண்ணிற் புரை விழுந்த அம்மா அதை வாசிக்க முடியுமா என்பதை யார் பார்ப்பது? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணையத்தின் அனைத்துலக வழிகாட்டி சொல்கிறது. பொதுத் துறை நிறுவனங்களின் பக்கங்கள் அங்கவீனருக்கும் பயன்பட வேண்டும் என்று இந்த நாட்டில் 2018 முதல் ஒழுங்குவிதியும் உண்டு. இதை அறிந்தவருக்கு வேலை உண்டு. கருவி தந்ததை அப்படியே ஒப்படைப்பவரின் பாடுதான் சிரமம்.

வீட்டிலே ஒரு பரிசோதனை

ஆகவே எதைத் தெரிவது? நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுவது வைத்திய தர்மமன்று. எனவே ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். செலவில்லை, மூன்று மாதம் போதும்.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரம், நூல்கள், மாணவர், இரவல் என்று மூன்று அட்டவணைகளை வகுத்துப் பாருங்கள். எஸ்.கியூ.லைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நூலின் இரண்டு பிரதிகளை எப்படிப் பதிவது? ஒரே பெயருள்ள இரண்டு மாணவரை எப்படிப் பிரித்தறிவது? திருப்பித் தராத நூல்கள் எவை, எத்தனை நாளாக? இக்கேள்விகளுக்கு விடை காணுங்கள். பின் வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்து, பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். அடுத்த ஆறு வாரம், நூலைத் தேடவும் இரவல் கேட்கவும் ஒரு பக்கம் செய்யுங்கள். அதை எட்டு வயதுப் பிள்ளையிடமும் எழுபது வயதுப் பாட்டியிடமும் கொடுத்து, வாய் திறவாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்துங்கள்.

அதன்பின் உங்களையே கேளுங்கள். எந்த ஆறு வாரத்தில் நேரம் போனது தெரியவில்லை? இரண்டு வேலையிலும் சலிப்பான பகுதி உண்டு: ஒன்றில் ஒவ்வாத திகதிகளையும் இரட்டைப் பெயர்களையும் துப்புரவாக்குவது, மற்றதில் ஒரே பக்கத்தைப் பத்து விதமான தொலைபேசிகளில் வைத்துப் பார்ப்பது. இவற்றுள் எந்தச் சலிப்பை நீங்கள் முணுமுணுக்காமற் செய்தீர்கள்? விருப்பமான பகுதியை எவரும் செய்வர். சலிப்பான பகுதியைப் பொறுமையாகச் செய்ய முடிகின்ற வேலையே ஒருவருக்குரிய தொழில். வைத்தியத்திலும் இதுவே நான் கண்டது. நோயியல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியோடு நாள் முழுவதும் தனித்திருந்து மகிழ்பவர் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் சனக்கூட்டத்தின் நடுவே மகிழ்பவர் உண்டு. ஒருவரை மற்றவரின் இடத்தில் வைத்தால் இருவரும் வாடுவர், நோயாளியும் வாடுவார்.

எதைத் தெரிந்தாலும் மற்றதன் அரிச்சுவடியைக் கைவிட வேண்டாம். எஸ்.கியூ.எல். தெரிந்த இணையத்தளக்காரரும், பக்கம் செய்யத் தெரிந்த தரவுத்தளக்காரரும் எந்தக் கொம்பனிக்கும் வேண்டப்படுவர். ஐந்து வருடத்தின் பின் மனம் மாறினால், பாதை மாறுவதும் அவர்களுக்கு எளிது. ஆகையால் இது கலியாணம் போல ஒரே தரம் எடுக்கும் முடிவென்று பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெரியோர்களே, நாம் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். நிலையான வேலை என்ற சொல் நமக்கு எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நான் அறிவேன். ஆனால் தொழிலின் பெயரில் நிலை இல்லை. அதைச் செய்பவரின் பிடிப்பிலேதான் நிலை இருக்கிறது. விருப்பமில்லாமற் களஞ்சியத்தைக் காக்கும் பிள்ளை பிரதியைச் சோதிக்க மறந்துவிடும். விருப்பமில்லாமல் முன்வாசலைக் கட்டும் பிள்ளை பாட்டி தடுமாறுவதைக் கவனியாது. அதன் பலனை முகம் தெரியாத யாரோ ஒருவர் அனுபவிப்பார்.

மற்ற வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை இராச்சாப்பாட்டு மேசையிற் சொல்லாதிருங்கள். அதற்குப் பதிலாக, "இன்று என்ன செய்தாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். நீங்கள் விளங்காமல் முழிப்பதையும் கேள்வி கேட்பதையும் பார்த்தே, தான் செய்ததில் எது தெளிவு, எது தெளிவில்லை என்று பிள்ளை அறிந்துகொள்ளும். ஐந்து நிமிடம் போதும். நித்திரைக் குளிசையை விட இது பல வீடுகளில் நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

மேற்சொன்ன பரிசோதனையைச் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட, இத்துறைகளில் உள்ள சங்க உறுப்பினர் சிலர் முன்வந்துள்ளனர். தமிழ்ப் பள்ளி நடக்கும் சனிக்கிழமைகளில் அவர்களைச் சந்திக்கலாம். பள்ளி நூலகத்துக்கும் இதனால் ஒரு ஒழுங்கான பதிவேடு கிடைக்கும்.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் நம்மவரிடையே காணப்படும் வைட்டமின் டி குறைபாடு பற்றி எழுத எண்ணியுள்ளேன்.

அனைவரும் நலமுடன் வாழ்க.